போக்கர் கைகளின் தரவரிசை

போக்கர் கைகளின் தரவரிசை என்பது, போக்கர் எனப்படும் சீட்டாட்டத்தில் ஓர் ஆட்டக்காரரின் சீட்டுகளை மற்றொருவரின் சீட்டுகளுடன் ஒப்பிட்டு வெற்றியைத் தீர்மானிக்கும் ஒழுங்கு ஆகும். இவ்வாட்டத்தில் ஒப்பிடப்படும் தொகுதி எப்போதும் ஐந்து சீட்டுகளைக் கொண்டது. இத்தொகுதி "கை" எனப்படுகிறது. போக்கரில் பல வகைகள் இருப்பினும், பெரும்பாலானவற்றில் பின்பற்றப்படும் தரவரிசை ஒன்றே. கிடைப்பதற்கு அரிதான கை, எளிதில் கிடைக்கும் கையை வெல்லும் என்பதே இதன் அடிப்படை. எனவே இத்தரவரிசை நிகழ்தகவுக் கணிதத்திற்கு நல்லதொரு எடுத்துக்காட்டாகவும் அமைகிறது.

சீட்டுக்கட்டும் சீட்டுகளின் மதிப்பும்

போக்கர் பொதுவாக 52 சீட்டுகள் கொண்ட ஒரு கட்டால் ஆடப்படுகிறது. இதில் இஸ்பேட், ஆர்ட்டின், டைமன், கிளாவர் என நான்கு இனங்கள் உள்ளன. ஒவ்வோர் இனத்திலும் 13 சீட்டுகள் இருக்கும். அவற்றின் மதிப்பு உயர்ந்ததிலிருந்து தாழ்ந்தது வரை பின்வருமாறு: ஏஸ், ராஜா, ராணி, ஜாக், 10, 9, 8, 7, 6, 5, 4, 3, 2.

ஏஸ் மிக உயர்ந்த சீட்டாகும். எனினும் ஏஸ், 2, 3, 4, 5 என்ற தொடரை அமைக்கும்போது மட்டும் அது 1 என்னும் மதிப்பைப் பெறும். வேறு சில சீட்டாட்டங்களில் உள்ளதுபோல் இனங்களுக்கிடையே உயர்வு தாழ்வு போக்கரில் இல்லை. இஸ்பேட் ஏஸும் கிளாவர் ஏஸும் சமமானவை.

கைகளின் வகைகள்

உயர்ந்ததிலிருந்து தாழ்ந்தது வரை ஒன்பது வகைக் கைகள் உள்ளன.

1. ஸ்ட்ரெயிட் ஃபிளஷ்: ஒரே இனத்தைச் சேர்ந்த, அடுத்தடுத்த மதிப்புடைய ஐந்து சீட்டுகள். எடுத்துக்காட்டு: ஆர்ட்டின் 5, 6, 7, 8, 9. ஒரே இனத்தின் 10, ஜாக், ராணி, ராஜா, ஏஸ் ஆகியவை சேர்ந்தால் அது ராயல் ஃபிளஷ் எனப்படும். இது தனி வகையன்று. ஸ்ட்ரெயிட் ஃபிளஷ் வகையின் மிக உயர்ந்த கையே ஆகும். ஆயினும் பல பட்டியல்களில் இது பத்தாவது வகையாகத் தனித்துக் காட்டப்படுவதுண்டு.

2. நான்கு ஒத்த சீட்டுகள்: ஒரே மதிப்புடைய நான்கு சீட்டுகளும் வேறொரு சீட்டும். எடுத்துக்காட்டு: 8, 8, 8, 8, ராணி.

3. ஃபுல் ஹவுஸ்: ஒரே மதிப்புடைய மூன்று சீட்டுகளும் வேறொரு மதிப்புடைய ஓர் இணையும். எடுத்துக்காட்டு: ராஜா, ராஜா, ராஜா, 4, 4.

4. ஃபிளஷ்: ஒரே இனத்தைச் சேர்ந்த ஐந்து சீட்டுகள். இவை தொடராக அமைய வேண்டியதில்லை. எடுத்துக்காட்டு: கிளாவர் 2, 6, 7, ஜாக், ஏஸ்.

5. ஸ்ட்ரெயிட்: அடுத்தடுத்த மதிப்புடைய ஐந்து சீட்டுகள். இவை ஒரே இனமாக இருக்கத் தேவையில்லை. எடுத்துக்காட்டு: வெவ்வேறு இனங்களைச் சேர்ந்த 7, 8, 9, 10, ஜாக்.

6. மூன்று ஒத்த சீட்டுகள்: ஒரே மதிப்புடைய மூன்று சீட்டுகளும், தமக்குள் இணையாகாத வேறு இரண்டு சீட்டுகளும். எடுத்துக்காட்டு: 5, 5, 5, 9, ராஜா.

7. இரண்டு இணைகள்: இரு வேறு மதிப்புகளில் இரண்டு இணைகளும் ஒரு தனிச் சீட்டும். எடுத்துக்காட்டு: ஜாக், ஜாக், 3, 3, 10.

8. ஓர் இணை: ஒரே மதிப்புடைய இரண்டு சீட்டுகளும் தனித்த மூன்று சீட்டுகளும். எடுத்துக்காட்டு: 9, 9, 2, 6, ஏஸ்.

9. உயர் சீட்டு: மேற்கூறிய எதிலும் அடங்காத கை. இதன் மதிப்பு அதிலுள்ள மிக உயர்ந்த சீட்டைக் கொண்டு அளக்கப்படும்.

ரம்மி ஆடிப் பழகியோர் இவற்றை எளிதில் புரிந்துகொள்ளலாம். ரம்மியில் ஒரே இனத் தொடராகச் சேர்க்கப்படுவது இங்கு ஸ்ட்ரெயிட் ஃபிளஷின் அமைப்பை ஒத்தது. ஒரே மதிப்புடைய சீட்டுகளைச் சேர்க்கும் "செட்", மூன்று அல்லது நான்கு ஒத்த சீட்டுகளின் அமைப்பை ஒத்தது. ஆனால் ரம்மியில் பல தொகுதிகளை முதலில் அடுக்கி முடிப்பவர் வெல்கிறார். போக்கரில் ஐந்து சீட்டுகள் கொண்ட ஒரே தொகுதி மட்டுமே மற்றவர் தொகுதியுடன் ஒப்பிடப்படுகிறது.

நிகழ்தகவு

52 சீட்டுகளிலிருந்து ஐந்தைத் தேர்ந்தெடுக்க 25,98,960 வழிகள் உள்ளன. ஒவ்வொரு வகைக் கையும் அவற்றுள் எத்தனை முறை அமையும் என்பதைப் பின்வரும் அட்டவணை காட்டுகிறது.

| கை | அமையும் வழிகள் | நிகழ்தகவு (விழுக்காடு) |
|---|---|---|
| ராயல் ஃபிளஷ் | 4 | 0.00015 |
| பிற ஸ்ட்ரெயிட் ஃபிளஷ் | 36 | 0.0014 |
| நான்கு ஒத்த சீட்டுகள் | 624 | 0.024 |
| ஃபுல் ஹவுஸ் | 3,744 | 0.144 |
| ஃபிளஷ் | 5,108 | 0.197 |
| ஸ்ட்ரெயிட் | 10,200 | 0.392 |
| மூன்று ஒத்த சீட்டுகள் | 54,912 | 2.11 |
| இரண்டு இணைகள் | 1,23,552 | 4.75 |
| ஓர் இணை | 10,98,240 | 42.26 |
| உயர் சீட்டு | 13,02,540 | 50.12 |

அட்டவணையில் கீழே செல்லச் செல்ல எண்ணிக்கை தொடர்ந்து கூடுவதைக் காணலாம். ஐந்து சீட்டுகள் மட்டுமே பகிரப்படும்போது ஏறத்தாழப் பாதிக் கைகளில் ஓர் இணைகூட இருப்பதில்லை. ராயல் ஃபிளஷ் 6,49,740 கைகளுக்கு ஒருமுறை என்ற அளவில்தான் அமையும்.

இவ்வெண்களைச் சேர்மானக் கணக்கு அறிந்த மாணவர்கள் தாமே பெறலாம். சில எடுத்துக்காட்டுகள் வருமாறு:

* நான்கு ஒத்த சீட்டுகள்: மதிப்பைத் தேர்ந்தெடுக்க 13 வழிகள். ஐந்தாவது சீட்டு எஞ்சிய 48 சீட்டுகளில் எதுவாகவும் இருக்கலாம். 13 × 48 = 624.
* ஃபுல் ஹவுஸ்: மூன்று சீட்டுகளின் மதிப்புக்கு 13 வழிகள், அம்மதிப்புடைய நான்கில் மூன்றைத் தேர்ந்தெடுக்க 4 வழிகள். இணையின் மதிப்புக்கு 12 வழிகள். நான்கில் இரண்டைத் தேர்ந்தெடுக்க 6 வழிகள். 13 × 4 × 12 × 6 = 3,744.
* ஃபிளஷ்: ஓர் இனத்தின் 13 சீட்டுகளில் ஐந்தைத் தேர்ந்தெடுக்க 1,287 வழிகள். நான்கு இனங்களுக்கும் 5,148. இவற்றில் 40 கைகள் ஸ்ட்ரெயிட் ஃபிளஷ் ஆதலால் அவற்றைக் கழிக்க 5,108 கிடைக்கும்.
* ஸ்ட்ரெயிட்: தொடர்கள் 10 உள்ளன. ஒவ்வொரு தொடரிலும் ஐந்து சீட்டுகளுக்கு நான்கு இனங்கள் வீதம் 1,024 வழிகள். மொத்தம் 10,240. இதிலும் 40ஐக் கழிக்க 10,200 கிடைக்கும்.

ஃபிளஷ் ஏன் ஸ்ட்ரெயிட்டை வெல்கிறது என்ற ஐயம் புதியவர்களுக்கு அடிக்கடி எழும். ஸ்ட்ரெயிட் ஏறத்தாழ இருமடங்கு வழிகளில் அமைவதே அதற்கு விடையாகும்.

ஒரே வகைக் கைகள் எதிர்ப்படும்போது

இரு ஆட்டக்காரர்களிடமும் ஒரே வகைக் கை இருந்தால் பின்வரும் விதிகள் பயன்படுகின்றன.

* ஸ்ட்ரெயிட், ஸ்ட்ரெயிட் ஃபிளஷ்: தொடரின் உயர்ந்த சீட்டு பெரியதாக உள்ள கை வெல்லும். ஏஸ், 2, 3, 4, 5 என்ற தொடரின் உயர்ந்த சீட்டு 5 ஆகையால் அதுவே மிகத் தாழ்ந்த தொடராகும்.
* நான்கு அல்லது மூன்று ஒத்த சீட்டுகள்: ஒத்த சீட்டுகளின் மதிப்பு முதலில் ஒப்பிடப்படும்.
* ஃபுல் ஹவுஸ்: மூன்று சீட்டுகளின் மதிப்பே முதன்மையானது. 9, 9, 9, 2, 2 என்ற கை 8, 8, 8, ஏஸ், ஏஸ் என்ற கையை வெல்லும்.
* ஃபிளஷ்: உயர்ந்த சீட்டிலிருந்து ஒவ்வொன்றாக ஒப்பிட வேண்டும். ஏஸ், 9, 6, 4, 2 என்ற ஃபிளஷ், ராஜா, ராணி, ஜாக், 9, 8 என்ற ஃபிளஷை வெல்லும்.
* இரண்டு இணைகள்: முதலில் உயர்ந்த இணை, பின்னர் தாழ்ந்த இணை, இறுதியில் தனிச் சீட்டு என ஒப்பிடப்படும். ஏஸ், ஏஸ், 3, 3, 7 என்ற கை ராஜா, ராஜா, ராணி, ராணி, ஏஸ் என்ற கையை வெல்லும்.
* ஓர் இணை: இணையின் மதிப்பு சமமாயின் எஞ்சிய மூன்று சீட்டுகள் உயர்ந்ததிலிருந்து ஒப்பிடப்படும். ஜாக், ஜாக், ஏஸ், 6, 4 என்ற கை ஜாக், ஜாக், ராஜா, ராணி, 10 என்ற கையை வெல்லும்.

இவ்வாறு சமநிலையை முறிக்கும் தனிச் சீட்டு "கிக்கர்" எனப்படும். இதனைத் துணைச் சீட்டு எனலாம். ஐந்து சீட்டுகளின் மதிப்பும் சமமாக இருந்தால், நடுவில் சேர்ந்த பந்தயத் தொகை சமமாகப் பிரிக்கப்படும். இனத்தைக் கொண்டு வெற்றி தீர்மானிக்கப்படுவதில்லை. ஆறாவது, ஏழாவது சீட்டுகளும் கணக்கில் கொள்ளப்படுவதில்லை.

டெக்சாஸ் ஹோல்டெம் ஆட்டத்தில் கையை அறிதல்

டெக்சாஸ் ஹோல்டெம் போக்கரின் மிகப் பரவலான வகையாகும். இதில் ஒவ்வோர் ஆட்டக்காரருக்கும் இரண்டு சீட்டுகள் மறைவாகப் பகிரப்படும். மேசையின் நடுவே ஐந்து பொதுச் சீட்டுகள், முதலில் மூன்றும் பின்னர் ஒவ்வொன்றாக இரண்டும், எல்லோரும் காணுமாறு வைக்கப்படும். இந்த ஏழு சீட்டுகளில் சிறந்த ஐந்தே ஆட்டக்காரரின் கை ஆகும். சொந்தச் சீட்டுகளில் இரண்டையோ ஒன்றையோ பயன்படுத்தலாம். எதனையும் பயன்படுத்தாமலும் இருக்கலாம்.

பொதுச் சீட்டுகள் ஆர்ட்டின் ராஜா, கிளாவர் ராஜா, டைமன் 9, இஸ்பேட் 9, ஆர்ட்டின் 4 எனக் கொள்வோம். மூன்று ஆட்டக்காரர்களின் நிலை பின்வருமாறு:

* முதலாமவரிடம் ஏஸும் ராணியும் உள்ளன. அவருடைய கை ராஜா, ராஜா, 9, 9, ஏஸ்.
* இரண்டாமவரிடம் இரண்டு 10 உள்ளன. அவருடைய கை ராஜா, ராஜா, 10, 10, 9.
* மூன்றாமவரிடம் இரண்டு 3 உள்ளன. அவருக்கு மூன்று இணைகள் இருப்பதுபோல் தோன்றும். ஆனால் ஐந்து சீட்டுகளில் இரண்டு இணைகளே அடங்கும். எனவே அவருடைய கை ராஜா, ராஜா, 9, 9, 4. அவருடைய சொந்தச் சீட்டுகள் இரண்டும் பயன்படவில்லை.

மூவருக்கும் இரண்டு இணைகளே உள்ளன. உயர்ந்த இணையான ராஜா மூவருக்கும் பொது. அடுத்த இணையை ஒப்பிட, 9ஐவிட 10 பெரிது. ஆகவே இரண்டாமவர் வெல்கிறார். முதலாமவரின் ஏஸ், துணைச் சீட்டை ஒப்பிடும் நிலை வராததால் பயனற்றுப் போகிறது.

ஏழு சீட்டுகளிலிருந்து கையை அமைக்கும்போது நிகழ்தகவுகளும் மாறுகின்றன. உயர் சீட்டு 17.4 விழுக்காடும், ஓர் இணை 43.8 விழுக்காடும், இரண்டு இணைகள் 23.5 விழுக்காடும் அமைகின்றன. அதாவது இணையே இல்லாத கை, இணையுள்ள கையைவிட அரிதாகிவிடுகிறது. ஆயினும் தரவரிசை மாற்றப்படவில்லை. இணையற்ற கைக்கு உயர்வு தந்தால், ஏழு சீட்டுகளில் இணை உள்ளவரும் அதனைத் தவிர்த்து வேறு ஐந்தைத் தெரிந்து காட்டுவார். அப்போது அக்கை அரிதாக இராது.

வரலாறு

போக்கர் 19 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்க ஐக்கிய நாடுகளின் நியூ ஓர்லியன்சுப் பகுதியில் உருவாகி, மிசிசிப்பி ஆற்றின் நீராவிக் கப்பல்கள் வழியாகப் பரவியது. பிரான்சின் போக், செருமனியின் போஹன், இங்கிலாந்தின் பிராக் ஆகிய ஆட்டங்கள் இதன் முன்னோடிகளாகக் கருதப்படுகின்றன.

தொடக்ககாலப் போக்கர் 20 சீட்டுகளால் ஆடப்பட்டது. ஏஸ், ராஜா, ராணி, ஜாக், 10 ஆகியவை மட்டுமே அதில் இருந்தன. நால்வர் ஆடினால் ஆளுக்கு ஐந்து வீதம் எல்லாச் சீட்டுகளும் பகிரப்பட்டுவிடும். அக்காலத்தில் இணை, இரண்டு இணைகள், மூன்று ஒத்தவை, ஃபுல் ஹவுஸ், நான்கு ஒத்தவை ஆகியனவே கைகளாகக் கொள்ளப்பட்டன. பின்னர் 52 சீட்டுக் கட்டு பயன்பாட்டுக்கு வந்தபோது ஃபிளஷ் சேர்க்கப்பட்டது. ஸ்ட்ரெயிட் அதன் பின்னர், அமெரிக்க உள்நாட்டுப் போர்க் காலத்தை (1861–1865) ஒட்டிப் பரவலாயிற்று.

இம்மாற்றம் பெரும் விளைவை ஏற்படுத்தியது. அதற்கு முன் நான்கு ஏஸ் கொண்டவர் தமது கை தோற்காது என உறுதியாக அறிந்திருந்தார். ஸ்ட்ரெயிட் ஃபிளஷ் ஏற்கப்பட்டபின் அவ்வுறுதி நீங்கியது. ராயல் ஃபிளஷும் நான்கு இனங்களில் அமையக்கூடியது ஆதலால், அதுவும் கோட்பாட்டளவில் சமன் செய்யப்படக்கூடியதே.

கைகளுள் சில தனிப் பெயர் பெற்றுள்ளன. 1876 ஆகத்து 2 ஆம் நாள் டெட்வுட் என்னும் ஊரில் வைல்டு பில் இக்கோக் என்பவர் போக்கர் ஆடிக்கொண்டிருந்தபோது சுட்டுக் கொல்லப்பட்டார். அப்போது அவர் கையில் கறுப்பு நிற ஏஸ் இரண்டும் 8 இரண்டும் இருந்தன எனக் கூறப்படுகிறது. இதனால் ஏஸ், 8 ஆகிய இரண்டு இணைகள் "இறந்தவன் கை" என வழங்கப்படுகின்றன.

தரவரிசை மாறும் ஆட்டங்கள்

மூன்று சீட்டு: தீன் பத்தி எனவும் அறியப்படும் இவ்வாட்டம் இந்தியாவில் பரவலானது. இதில் மூன்று சீட்டுகளே ஒப்பிடப்படுவதால் நிகழ்தகவு வேறுபடுகிறது. மொத்தமுள்ள 22,100 கைகளில் தொடர் 720 வழிகளிலும், ஒரே இனக் கை 1,096 வழிகளிலும் அமைகின்றன. எனவே இங்கு தொடரே உயர்ந்தது. ஆனால் மூன்று ஒத்த சீட்டுகள் 52 வழிகளிலும், ஒரே இனத் தொடர் 48 வழிகளிலும் அமைந்தாலும், மரபுப்படி மூன்று ஒத்த சீட்டுகளே முதலிடம் பெறுகின்றன. தரவரிசை முழுவதும் கணிதத்தால் மட்டும் அமைவதில்லை என்பதற்கு இது சான்றாகும்.

36 சீட்டுப் போக்கர்: 2 முதல் 5 வரையுள்ள சீட்டுகள் நீக்கப்பட்ட கட்டால் ஆடப்படுவது. ஓர் இனத்தில் 9 சீட்டுகளே எஞ்சுவதால் ஃபிளஷ் அமைவது கடினமாகிறது. ஐந்து சீட்டுக் கைகளில் ஃபிளஷ் 480 வழிகளிலும் ஃபுல் ஹவுஸ் 1,728 வழிகளிலும் அமைகின்றன. இதனால் இவ்வகையில் ஃபிளஷ், ஃபுல் ஹவுஸை வெல்லும்.

ஜோக்கர் உள்ள ஆட்டம்: எந்தச் சீட்டாகவும் கொள்ளத்தக்க ஒரு ஜோக்கரைச் சேர்த்தால் ஒரு முரண்பாடு தோன்றுகிறது. ஓர் இணையுடன் ஜோக்கர் பெற்றவர் அதனை மூன்று ஒத்த சீட்டுகளாகக் காட்டுவார். இதனால் மூன்று ஒத்த சீட்டுகள் 1,37,280 வழிகளில் அமைந்து, 1,23,552 வழிகளில் அமையும் இரண்டு இணைகளைவிட எளிதாகின்றன. சரிசெய்யும் பொருட்டு வரிசையை மாற்றினால், அவரே ஜோக்கரை மற்றொரு சீட்டுடன் சேர்த்து இரண்டு இணைகளாகக் காட்டுவார். அப்போது இரண்டு இணைகள் 2,05,920 ஆகவும் மூன்று ஒத்தவை 54,912 ஆகவும் மாறும். ஆகவே எவ்வாறு வரிசைப்படுத்தினாலும் அரிய கையே உயர்ந்தது என்ற விதி இவ்விரண்டிற்கும் பொருந்தாது.

தாழ் போக்கர்: சில வகைகளில் மிகத் தாழ்ந்த கை வெல்லும். அவற்றுள் ஏஸைத் தாழ்ந்த சீட்டாகக் கொண்டு, ஸ்ட்ரெயிட்டையும் ஃபிளஷையும் கருதாமல் விடும் வகையில் ஏஸ், 2, 3, 4, 5 சிறந்த கையாகும்.

தொடக்கநிலையினர் கவனிக்க வேண்டியவை

* ராணி, ராஜா, ஏஸ், 2, 3 என்பது தொடர் ஆகாது. ஏஸ் தொடரின் தொடக்கத்திலோ முடிவிலோ மட்டுமே வரலாம்.
* நான்கு சீட்டுகள் கொண்ட தொடருக்கோ நான்கு சீட்டுகள் கொண்ட ஃபிளஷுக்கோ தனி மதிப்பில்லை.
* இரண்டு இணைகள், அவை எவ்வளவு உயர்ந்தவையாயினும், மூன்று ஒத்த சீட்டுகளிடம் தோற்கும். ஏஸ், ஏஸ், ராஜா, ராஜா என்ற கையை 2, 2, 2 வெல்லும்.
* கையின் மதிப்பு எதிராளியின் கையைப் பொறுத்தது. பொதுச் சீட்டுகளில் நான்கு ஒரே இனமாக இருக்கும்போது, அவ்வினச் சீட்டு இல்லாதவரின் ஸ்ட்ரெயிட் வலுவிழந்துவிடும்.

தரவரிசையும் பணயமும்

தரவரிசையை அறிவது ஆட்டத்தை அறிவதன் முதற்படி மட்டுமே. போக்கரில் வலுவான கை உள்ளவரே எப்போதும் வெல்வதில்லை. பந்தயத்தை உயர்த்தி மற்றவர்களை விலகச் செய்தால், எந்தக் கையும் காட்டப்படாமலேயே ஆட்டம் முடிந்துவிடும்.

நிகழ்தகவு பற்றிய தவறான எண்ணங்கள் பணயம் வைப்போருக்குப் பேரிழப்பைத் தரக்கூடும். "பல ஆட்டங்களாக நல்ல கை வரவில்லை, இனி வந்தே தீரும்" என எண்ணுவது அவற்றுள் ஒன்று. ஒவ்வொரு முறையும் கட்டு புதிதாகக் கலைக்கப்படுவதால் முந்தைய ஆட்டங்கள் அடுத்த ஆட்டத்தைப் பாதிப்பதில்லை. "ஒரே ஒரு சீட்டுதான் குறைகிறது" என்ற எண்ணமும் அத்தகையதே. ஹோல்டெம் ஆட்டத்தில் முதல் மூன்று பொதுச் சீட்டுகள் வந்தபின் நான்கு ஒரே இனச் சீட்டுகள் பெற்றவருக்கு, காணப்படாத 47 சீட்டுகளில் 9 உதவும். எஞ்சிய இரண்டு சீட்டுகளும் வந்தபின் ஃபிளஷ் அமைய ஏறத்தாழ 35 விழுக்காடு வாய்ப்பே உண்டு. அதாவது மூன்றில் இரண்டு முறை அவருக்கு ஃபிளஷ் அமையாது.

போக்கர் திறன் சார்ந்ததா, வாய்ப்புச் சார்ந்ததா என்ற வினா சட்ட முக்கியத்துவமும் உடையது. 2022 அக்டோபரில் தமிழ்நாடு சட்டமன்றம் இணையவழிச் சூதாட்டத்தைத் தடைசெய்யும் சட்டமுன்வரைவை நிறைவேற்றியது. அது 2023 மார்ச்சில் மீண்டும் நிறைவேற்றப்பட்டு, ஏப்ரலில் ஆளுநரின் ஒப்புதலைப் பெற்றது. ரம்மியும் போக்கரும் வாய்ப்பு விளையாட்டுகளாக அதன் அட்டவணையில் இடம்பெற்றன. 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் சட்டத்தின் பிற பகுதிகளை ஏற்று, இவ்விரண்டும் திறன் விளையாட்டுகள் எனக் கூறி அட்டவணையை நீக்கியது. 2025 ஆகத்தில் இந்திய நாடாளுமன்றம் இயற்றிய சட்டம், திறன், வாய்ப்பு என்ற வேறுபாடின்றிப் பணம் வைத்து ஆடும் இணையவழி விளையாட்டுகளைத் தடை செய்தது.

பணயமின்றி, பொத்தான்களையோ புளியங்கொட்டைகளையோ வைத்து ஆடினாலும் இத்தரவரிசை மாறுவதில்லை. ஒரு கட்டைக் கலைத்து ஐந்து ஐந்தாகப் பலமுறை பகிர்ந்து, எந்தக் கை எத்தனை முறை வருகிறது எனக் குறித்துவைத்தால், அட்டவணையிலுள்ள நிகழ்தகவுகளை வகுப்பறையிலேயே சரிபார்க்கலாம்.

இவற்றையும் பார்க்க

* சீட்டாட்டம்
* நிகழ்தகவு
* சேர்மானம்
* ரம்மி